டாப் மாடலும் இரண்டு வெள்ளைப் பூவும்

என் தங்கை வடிவு கடைசியாகக் கொடைக்கானல் மலை ஏறியது நான்கு வருடத்துக்கு முன்னால். ஏறினாள் என்று சொல்வதே தப்பு. பாதி ஏறினாள். கல்யாணமான அவள் மகள் தேவசேனாவை மலைமேல் அட்டுவம்பட்டியில் குடிவைக்கப் பழனியிலிருந்து எல்லோரும் நான் ஓட்டிய வேனில் கிளம்பினோம். வரதமாநதி அணையைத் தாண்டியதும் வடிவுக்கு வாந்தி தொடங்கியது. சவரிக்காடு வந்தும் நிற்கவில்லை. அன்றைக்கு அணையின் நீர்மட்டம் அரை அடி உயர்ந்தது என்று நான் சொன்னால் சிலர் நம்புவதில்லை. சரி, கால் அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நான் இறங்கி வரமாட்டேன்.

பாதி வழியில் இறங்கி, எதிரே வந்த பஸ்ஸில் அவளைத் திருப்பி அனுப்பினோம். மகள் குடியிருக்கும் வீட்டை அவள் இதுவரை செல்போனில்தான் பார்த்திருக்கிறாள். எலுமிச்சம்பழம், மாத்திரை, தொப்புளில் பிளாஸ்திரி என்று செய்யாத வைத்தியம் இல்லை. மாத்திரை போட்டால் வாந்தி நிற்கும், ஆனால் வடிவு இரண்டு நாளைக்குக் கண் திறக்க மாட்டாள்.

இப்போது தேவசேனாவுக்கு ஐந்தாம் மாதம். மலைப்பாதையில் இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரசவம் மேலேதான். அம்மா மேலே போயாக வேண்டும். அம்மாவால் மேலே போக முடியாது.

இந்த இடத்தில்தான் என் தங்கை புருஷன் சேனாதிபதிக்கு மூளை வேலை செய்தது. அது வேலை செய்யும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கிற மனிதர். புறவழிச்சாலைக்கு நிலம் போனதில் கையில் பணம் இருந்தது. "சின்ன வண்டியில போறதாலதான் வாந்தி வருது. பெரிய எடத்து வண்டியில எவனுக்காச்சும் வாந்தி வந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டு, வெளிநாட்டுக் கார் ஒன்றின் விலைப் புத்தகத்தை மதுரை ஷோரூமிலிருந்து வரவழைத்தார். அந்தப் புத்தகம் எங்கள் கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்துத் தைத்ததைவிடக் கனமாக இருந்தது.

நான் திருமலைச்சாமி. முப்பத்து நான்கு வருடம் பழனி–கொடைக்கானல் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அந்தச் சாலையில் எந்த வளைவில் எந்தக் குரங்கு உட்கார்ந்திருக்கும் என்று தெரியும், பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். அப்படிப்பட்ட ஒருவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் புத்தகத்தைப் பார்த்துக் கார் வாங்கலாமா? கொதித்துவிட்டேன்.

புத்தகத்தில் ஒரே காரில் மூன்று மாடல். பேஸ் மாடலில் பதினெட்டு இஞ்ச் சக்கரம், தடித்த டயர், மெத்தென்ற சஸ்பென்ஷன். டாப் மாடலில் இருபது இஞ்ச் சக்கரம், விறைப்பான சஸ்பென்ஷன், சக்கரத்துக்குள்ளே சிவப்பு பிரேக். நடுவில் இன்னொன்றும் இருந்தது. அதை நாங்கள் இரண்டு பேருமே சீந்தவில்லை. வீட்டில் நடுப்பிள்ளையை யார் சீந்துகிறார்கள்?

"டாப்புதான்" என்றார் சேனாதிபதி, பஞ்சாமிர்த டப்பாக்களைத் தள்ளிவிட்டுப் புத்தகத்தை விரித்தபடி. "நானூத்தி எம்பது குதிரை சக்தி, மச்சான்."

"மாப்ள, நம்ம மலையில ஒரு குதிரைய அவுத்து விட்டாலே அது ஏரிக்கரைக்குப் போயி டூரிஸ்டை ஏத்திக்கிட்டு போட்டோவுக்கு நிக்கும். நானூத்தி எம்பதையும் எங்க கொண்டுபோயிக் கட்டுவீங்க?"

"பின் சீட்டுல மசாஜ் இருக்கு. முதுகைப் பிடிச்சு விடுமாம்."

"வாந்தி முதுகு வழியாவா வருது?"

"வாசனை அடிக்கிற மெசின் இருக்கு. சன்னலுக்குத் தானா ஏறுற திரை இருக்கு. ஒரு குட்டி பிரிட்ஜ்கூட இருக்கு."

"டயரைப் பாத்தீங்களா மாப்ள? அப்பளம் கணக்கா கெடக்கு. ஒரு கல்லுல ஏறுனா அந்தக் கல்லோட சைசை அவ இடுப்பு எலும்பே சொல்லிரும். பேஸ் மாடலை எடுங்க. மெத்துன்னு போகும்."

"பஞ்சாமிர்தக் கடைக்காரன் பேஸ் மாடல்ல போயி எறங்கினா ஊரு என்ன பேசும்?"

"ஊருக்கா வாந்தி வருது?"

இந்தச் சண்டை ஒரு மாதம் நடந்தது. எங்கள் சத்தத்தில் அடிவாரத்தில் மொட்டை அடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பாதி மொட்டையில் கத்தி நின்றது. ஒரு நாள் நான் கோபத்தில் புத்தகத்தை எறிய, அது பஞ்சாமிர்த அண்டாவில் விழுந்தது. அவர் அதை எடுத்துக் கழுவி வெயிலில் காயவைத்து, மறுநாள் அதே பக்கத்தைத் திறந்து, "மசாஜ் மூணு விதமா இருக்கு மச்சான்" என்று தொடங்கினார். ஈ மொய்க்கிற விலைப் புத்தகத்தை வைத்து யாராவது சண்டை போட்டிருக்கிறார்களா? நாங்கள் போட்டோம்.

வடிவு பேசவே இல்லை. அவளுக்கு வேலை இருந்தது. கடையின் சரக்கு வண்டியை, ஊரெல்லாம் குட்டியானை என்று கூப்பிடுகிற அந்தச் சின்ன லோடு வண்டியை, ஓட்டுவது அவள்தான். ஐந்து வருடத்துக்கு முன் தைப்பூச நேரத்தில் டிரைவர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனான். அந்த ஆத்திரத்திலேயே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசன்ஸ் வாங்கிவிட்டாள். அன்றைக்கும் மண்டியிலிருந்து வெல்ல மூட்டையோடு வந்து, கடை வாசலில் ஒரே திருப்பில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினாள்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டீங்களா ரெண்டு பேரும்?" என்றாள்.

"ஒனக்காகத்தான பேசிக்கிட்டிருக்கோம். சும்மா இரு" என்றோம் நாங்கள். ஒரு மாதத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான்.

அவள் எங்களைப் பார்த்த பார்வையில் வெல்லம் உருகியிருக்க வேண்டும். "பூக்கட்டிப் பாத்து முடிங்க. நாளைக்கும் இந்தச் சத்தம் கேட்டுச்சு, அண்டாவுல புஸ்தகம் இருக்காது, நீங்க ரெண்டு பேருந்தான் இருப்பீங்க."

எங்கள் பக்கம் முடிவு தெரியாத விஷயத்துக்குப் பூக்கட்டிப் பார்ப்பது வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் போட்டு ஒன்றை எடுப்பது. பெண் பார்ப்பது முதல் தண்ணீருக்குப் போர் போடுவது வரை இப்படித்தான் முடிவாகும். கார் மாடலுக்கு யாரும் கட்டியதாக எனக்குத் தெரியவில்லை. வெள்ளை வந்தால் பேஸ், சிவப்பு வந்தால் டாப் என்று பேசிக்கொண்டோம். வயதில் மூத்தவன் என்று பொட்டலம் கட்டும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள்.

கொடுக்கலாமா?

கடைக்குப் பின்னால் போய் நந்தியாவட்டையை ஒரு பொட்டலத்தில் கட்டினேன். இன்னொரு பொட்டலத்திலும் நந்தியாவட்டையைக் கட்டினேன். சிவப்பு அரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். இதில் சாமி குற்றம் எதுவும் இல்லை. முருகனுக்கு ஆயிரம் சோலி இருக்கும். அவர் போவது மயிலில். மயிலுக்கு சஸ்பென்ஷன் கிடையாது. தெரியாத விஷயத்தில் அவரைப் போய்த் தொந்தரவு செய்வானேன்?

கடையில் மாட்டியிருந்த முருகன் படத்துக்கு முன்னால் பொட்டலங்களைப் போட்டேன். வடிவு கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். வெள்ளை.

"முருகா!" என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மகிழ்ச்சியில் நான்கு தடவை போட்டுக்கொண்டதுதான் தப்பாகிவிட்டது. முப்பது வருடமாகக் கலப்படத் தேனைக் கண்டுபிடித்துப் பழகியவர் சேனாதிபதி. என் முகத்தை மோந்து பார்ப்பது போலப் பார்த்தார். குனிந்து இரண்டாவது பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்.

வெள்ளை.

அவர் போட்ட கத்தலுக்குப் பழனி மலைமேல் ரோப் கார் ஒரு நிமிடம் நின்றது. "சாமிகிட்டயே கள்ள ஓட்டா? யோவ் மச்சான், நீயெல்லாம் ஒரு கவர்மெண்ட் டிரைவரா?"

"ஆமாய்யா, ஒங்க பகட்டுக்கு எந்தங்கச்சி இடுப்பை ஒடைக்கணுமா?"

"எம்பொண்டாட்டி இடுப்பைப் பத்தி ஒமக்கு என்னய்யா?"

என் சட்டைப் பையிலிருந்து அரளி எட்டிப் பார்த்தது. வடிவு அதை எடுத்தாள். தன் கொண்டையில் செருகிக்கொண்டாள். "வண்டியக் கொண்டாரச் சொல்லுங்க. ஏறிப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றாள். எனக்கு ஏனோ அந்தப் பூவைப் பார்க்க பயமாக இருந்தது.

மறுநாள் வெள்ளனே வண்டி வந்தது. ஓட்டிப் பார்க்க அவர்களிடம் இருந்தது டாப் மாடல்தான். கொண்டு வந்தவன் ஆக்னல், கொடைக்கானல் மிஷன் ஸ்கூலில் படித்துவிட்டு மதுரை ஷோரூமில் வேலை பார்க்கிறவன். கழுத்தில் டை. வாயைத் திறந்தால் "எக்ஸ்பீரியன்ஸ்".

நான் முன் சீட்டுக் கதவில் கை வைத்தேன்.

"பூத் திருடனுக்குப் பின் சீட்டு" என்று சேனாதிபதி என்னைத் தள்ளிவிட்டு ஏறிக்கொண்டார். ஆக, ஆக்னல் ஓட்ட, அவர் முன்னால் உட்கார, நானும் வடிவும் பின்னால். வடிவு மடியில் ஒரு கட்டு பிளாஸ்டிக் பை. மலைச்சாலையில் பின் சீட்டில் நான் உட்கார்ந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஸ்டீயரிங் இல்லாமல் என் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் முழங்காலைத் திருப்பிக்கொண்டிருந்தன.

"சார், இப்ப மசாஜ் ஆன் பண்றேன். எக்ஸ்பீரியன்ஸ் பாருங்க" என்றான் ஆக்னல்.

முதுகுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் குத்தினார்கள். முதல் வளைவு. வாசனை மெசின் எதையோ பீய்ச்சியது, பினாயிலில் மல்லிகைப் பூவை ஊறப்போட்டது போல. இரண்டாவது வளைவு. திரை தானாக ஏறி, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்த அணையையும் மறைத்தது. மூன்றாவது வளைவு. எனக்கு வயிற்றுக்குள் ஒரு தவளை புரண்டது. நான்காவதில் தவளை குடும்பத்தோடு வந்தது.

"ஏம்மா," என்றேன், "அந்தப் பையில ஒண்ணு குடு."

"ஒனக்காண்ணே?"

பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. முப்பத்து நான்கு வருட வாந்தியும் ஒன்றாக வந்தது. முந்தாநாள் இட்லி, போன தீபாவளி அதிரசம், என் கல்யாணத்தில் சாப்பிட்ட கேசரி எல்லாம் வந்தது. அண்ணனைப் பார்த்துத் தங்கைக்கும் வந்தது. மசாஜ் மட்டும் நிற்கவில்லை. எங்கள் முதுகைத் தட்டித் தட்டி உற்சாகப்படுத்தியது.

"ஏலே, நிறுத்துலே!" என்று நான் கத்தினேன்.

"மசாஜையா சார், வண்டியையா?"

"ரெண்டையும்!"

சவரிக்காட்டில் ஒரு டீக்கடை ஓரமாக நிறுத்தினான். நான் மைல்கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். சேனாதிபதி இறங்கி வந்து, அந்த நேரம் பார்த்துச் சிரித்தார். "கவர்மெண்ட் டிரைவருக்கே வாந்தியா? இந்த வளைவுல எந்தக் குரங்கு ஒக்காந்திருக்கு மச்சான்? நீங்கதானா?"

பேச முடிந்திருந்தால் நான் பேசியிருப்பேன். அதற்குள் வடிவு முகத்தைக் கழுவிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, இந்த ரோட்டுல ஒனக்கு எத்தன வருசமா வாந்தி?"

"இன்னைக்குத்தாம்மா. சத்தியமா. முப்பத்தி நாலு வருசத்துல ஒரு நா கிடையாது."

"ஸ்டீயரிங் கையில இருக்கையில வரல."

"வரல."

"குட்டியானைய எடுத்துக்கிட்டு நானும் தெனம் சந்து சந்தாத் திரியுறேன். எனக்கும் வரல."

டீக்கடைக்காரர் ஆற்றிக்கொண்டிருந்த டீ அந்தரத்தில் நின்றது. சத்தியமாக நின்றது. எனக்குத் தலையிலிருந்து கால்வரை எரிந்தது. வண்டி ஓட்டுகிறவனுக்கு வாந்தி வராது என்பது எங்கள் டிப்போவில் எண்ணெய் துடைக்கிறவருக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும். என் தங்கை வண்டி ஓட்டுகிறாள் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு நான்கு வருடமும் ஒரு வெளிநாட்டுக் காரும் தேவைப்பட்டிருக்கிறது. அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது? மைல்கல்லை உதைத்தேன். அதுவும் என்மேல் கோபமாகத்தான் இருந்தது. கட்டைவிரல் வீங்கிவிட்டது.

வடிவு கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஒரு மாசமா எந்த சீட்டு மெத்துன்னு இருக்கும்னு சண்டை. ரெண்டு வெவரமான ஆம்பளைங்க. எந்த சீட்டுல என்னைய ஒக்கார வைக்கணும்னு ஒருத்தருக்குத் தோணல. தம்பி, சாவியக் குடு."

ஆக்னல் கதவை மறித்து நின்றான். "மேடம், இது ஸ்மார்ட் கீ மேடம். சாவி போடவேண்டியதே இல்ல. பட்டன்தான்."

"அப்ப பட்டனைக் குடு."

"மேடம், லைசன்ஸ்..."

லைசன்ஸை அவன் டைமேல் வைத்தாள். சேனாதிபதி குறுக்கே வந்தார். "வடிவு, இது குட்டியானை இல்ல. நானூத்தி எம்பது குதிரை."

"ஒங்களோட இருவத்தெட்டு வருசம் ஓட்டியிருக்கேன். பின்னால ஏறுங்க."

ஆக்னல் முன்னால் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். வடிவு காலால் துழாவினாள். "கிளட்ச் எங்க?"

"கிளட்ச் கிடையாது மேடம். ஆட்டோமேட்டிக்."

"எடது காலுக்குச் சோலியே இல்லையா?"

"இல்ல மேடம்."

"வீட்டு ஆம்பளைங்க மாதிரி."

வண்டி கிளம்பியது. முதல் வளைவில் நத்தை போல. இரண்டாவதில் நிதானமாக. ஒவ்வொரு வளைவிலும் ஒலி எழுப்பினாள், எதிரே வந்த வண்டிக்கு இடம் விட்டாள், எதிலும் குறை சொல்ல எனக்கு இடம் கொடுக்கவில்லை. அதுவே எனக்குக் கோபம். ஐந்தாவது வளைவில் அவள் முதுகு நிமிர்ந்தது. "தம்பி, வளைவுல வண்டி சாயவே மாட்டேங்குதே!"

"டாப் மாடல் சஸ்பென்ஷன் மேடம். ஸ்டிஃப்பா இருக்கும். ஓட்டுறவங்களுக்குத்தான் அதோட எக்ஸ்பீரியன்ஸ்."

"ஓகோ" என்றாள் வடிவு. அந்த ஓகோ எனக்குப் பிடிக்கவில்லை.

கொஞ்ச தூரம் நேராக ஓடுகிற இடத்தில் முன்னால் ஒரு அரசுப் பேருந்து போய்க்கொண்டிருந்தது. நான் ஓட்டிய அதே தடம். ஓட்டுநர் கைகாட்டி வழி விட்டார். வடிவு மிதித்தாள். என் ஈரல் சவரிக்காட்டிலேயே இருந்துவிட்டது, மிச்சம் மட்டும் பேருந்தைத் தாண்டியது. அரசுப் பேருந்தை முந்திவிட்டாள், அதுவும் அண்ணனைப் பின்னால் வைத்துக்கொண்டு! கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். பக்கத்தில் சேனாதிபதி எனக்கு முன்பே திறந்துவிட்டார். அவருக்குக் கத்தல் வரவில்லை. வேறு வந்தது.

"மச்சான், பை... பை..."

"பூத் திருடன்கிட்டயா கேக்குறீங்க?" என்று சொல்லிவிட்டு, இரண்டு வளைவு காக்கவைத்துத்தான் கொடுத்தேன்.

பெருமாள்மலை வந்தது. வடிவு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அட்டுவம்பட்டியில் தேவசேனா வீட்டு வாசலில் வண்டி நின்றபோது, பின்னாலிருந்து இறங்கிய நாங்கள் இரண்டு பேரும் பிழிந்து போட்ட துணி. ஓட்டி வந்தவள் கொண்டையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த தேவசேனா படியிலேயே நின்றுவிட்டாள். "அம்மா? நீயா ஓட்டிக்கிட்டு வந்த?"

"ஆமாடி. ஸ்டீயரிங்கைப் பிடிச்சப்புறம் ஒரு பையைக்கூடத் தொடல."

இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். வடிவு சுவரைத் தொட்டுப் பார்த்தாள், அடுப்படியை எட்டிப் பார்த்தாள், செல்போனில் தெரியாத மூலைகளை எல்லாம் போய்ப் பார்த்தாள். மகள் வயிற்றில் கை வைத்து, "வாராவாரம் வருவேன். பிரசவத்துக்குப் பத்து நா முன்னாடியே வந்துருவேன்" என்றாள். நானும் மூக்கை உறிஞ்சினேன். குளிர்தான் காரணம்.

அப்போது தேவசேனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைத்த கண் சிவந்திருந்தது, ஆனால் அழுகையால் இல்லை. "ஏம்மா, ஓட்டுனா வாந்தி வராதுன்னா, குட்டியானையிலயே வந்திருக்கலாம்ல? நாலு வருசம்மா! நான் நெனச்சு நெனச்சு எத்தன நா அழுதேன் தெரியுமா? மாமா, நீங்க டிரைவர்தான? அப்பா, நீங்களாச்சும்?"

வடிவு மெதுவாக எங்கள் பக்கம் திரும்பினாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன். சேனாதிபதி தன் செருப்பைப் பார்த்தார்.

பேச்சை மாற்ற வேண்டும் என்றுதான் அவர் தொண்டையைக் கனைத்தார். "அப்ப... வண்டி வேணாமா?"

வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஆக்னல் முகம் செத்துப்போனது.

"வேணும்" என்றேன் நான். "பேஸ் மாடல்."

"டாப்" என்றார் அவர், வெறும் வயிற்றோடு.

"இவ்வளவு பட்டும் டாப்பா? வாயைத் தொடைங்க மாப்ள, முதல்ல."

"நீரு மொதல்ல சட்டையப் பாரும்யா!"

மறுபடி தொடங்கிவிட்டோம். வடிவு தோட்டத்துக்குப் போனாள். ஆக்னல் கையிலிருந்த விலைப் புத்தகத்தில், மூன்று மாடல்களையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் காட்டியிருந்த அந்தப் பக்கத்தைக் கிழித்து, இரண்டு பூப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்தாள். டீப்பாயின் மேல் போட்டாள்.

"எடுண்ணே. நீதான் மூத்தவன்."

முருகனை வேண்டிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். ரோஜா. ரத்தச் சிவப்பு. எனக்குச் சந்தேகம் வந்தது. இந்த மாதிரி விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. இன்னொன்றையும் பிரித்தேன். அதுவும் சிவப்பு.

"என்னம்மா இது அநியாயம்!"

"நான் ஒனக்குத் தங்கச்சிண்ணே" என்றாள் வடிவு.

சேனாதிபதி தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "டாப்! அப்படிச் சொல்லு! எழுதிக்க தம்பி."

ஆக்னல் பேனாவைத் திறந்தான். "பின் சீட்டு ஆப்ஷன்ஸ் மேடம்? மசாஜ், பிரிட்ஜ், திரை, வாசனை மெசின்... எதெது போடட்டும்?"

வடிவு எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எல்லாத்தையும் அடிச்சிரு. ஒரு வாளி மட்டும் வச்சிரு."